மாட்டுங்காவின் வாழையிலை

பிழைப்பை நாடி வேற்றூர் சென்ற மனிதனை முதன்முதலில் வாட்டுவது எது? மொழி தெரியாமை என்பர் சிலர். தட்பவெப்பம் என்பர் வேறு சிலர். அநுபவப்பட்டவர்களைக் கேட்டால் வேறொரு விடை கிடைக்கும். மாலையில் அலுவல் முடிந்து, மின்சார ரயிலின் நெரிசலில் நசுங்கி, நால்வர் தங்கும் அறைக்குத் திரும்பும் வேளையில், ஒரு பிடி ரசஞ்சாதம் எங்கே கிடைக்கும் என்ற ஏக்கமே முதல் ஏக்கம். மொழியை ஓராண்டில் கற்றுக்கொள்ளலாம். நாக்கு அவ்வளவு எளிதில் ஊர் மாறுவதில்லை.

இது தமிழருக்கு மட்டும் உரிய ஏக்கமன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கூட்டங்கூட்டமாக அமெரிக்கா சென்ற யூத மக்கள், நியூயார்க் நகரின் லோயர் ஈஸ்ட் சைடு என்னும் பகுதியில் நெருங்கிக் குடியேறினார்கள். அவர்களுக்காக எழுந்தவையே ‘டெலிகடெஸன்’ எனப்படும் உணவுக் கடைகள். அவற்றுள் 1888-இல் தோன்றிய காட்ஸ் கடை இன்றும் நடைபெறுகிறது. ருமேனியாவிலிருந்து வந்தவர்களின் பஸ்ட்ராமி இறைச்சி, ஜெர்மானிய முறைப்படி செய்த ஸாஸேஜ், போலந்துக்காரரும் ருஷ்யரும் விரும்பும் உப்புநீர் வெள்ளரிக்காய், ரை என்னும் தானியத்தில் சுட்ட ரொட்டி ஆகிய எல்லாம் அங்கே ஒரே மேசைக்கு வந்தன. சொந்த நாடுகளில் வெவ்வேறாக இருந்த சமையல்கள், கடல் கடந்த பின் ‘யூத உணவு’ என்ற ஒரே பெயரைப் பெற்றன.

அக்கடைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நமக்கு நினைவு வருவது மாட்டுங்கா. நம் மாநகரில் அதற்கு ஈடாகச் சொல்லத் தக்கவை மாட்டுங்காவின் சாப்பாட்டு விடுதிகளும் காபி கிளப்புகளுமே. எண்பது, தொண்ணூறு ஆண்டுகளாக அவை தென்னாட்டாரின் பசியை ஆற்றி வருகின்றன. அவற்றின் கதையில், நம் வீட்டுக் குழந்தைகளுக்கு நாம் இதுவரை சரிவரச் சொல்லாத செய்தி ஒன்றும் அடங்கியிருக்கிறது.

ஊர் உண்டான விதம்

1896-இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியது. காற்றும் வெளிச்சமும் நுழையாத நெருக்கமான குடியிருப்புகளில் மக்கள் மாண்டார்கள். நகரைச் சீர்ப்படுத்துவதற்காக 1898-இல் ‘பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட்’ அமைக்கப்பட்டது. வடக்கே வயலும் சதுப்பும் தோப்புமாய்க் கிடந்த தாதர், மாட்டுங்கா நிலங்களை டிரஸ்ட் வாங்கி, நேரான சாலைகளும் மரநிழலும் பூங்காக்களும் கொண்ட புதுப் பேட்டைகளாக வகுத்தது. இன்று மகேஸ்வரி உத்யான் என்று வழங்கும் கிங்ஸ் சர்க்கிள் வட்டமும், பக்கத்திலுள்ள ஐந்து தோட்டங்களும் அத்திட்டத்தின் நினைவுச் சின்னங்கள்.

ரயில்வே, வங்கி, துறைமுகம், அரசாங்க அலுவலகம், வியாபாரக் கம்பெனி என்று எங்கும் ஆங்கிலம் கற்ற குமாஸ்தாக்களும் சுருக்கெழுத்தாளர்களும் வேண்டியிருந்த காலம் அது. தஞ்சை, திருநெல்வேலி, பாலக்காடு ஆகிய இடங்களிலிருந்து பட்டப் படிப்பு முடித்த இளைஞர்கள் மதராஸ் மெயிலில் வந்து இறங்கினார்கள். ‘சால்’ எனப்படும் வரிசை அறைகளில் பொதுக் குழாயும் பொதுக் கழிப்பிடமும் பகிர்ந்து வாழ விரும்பாத குடும்பத்தினர், மாட்டுங்காவில் எழுந்த புதிய அடுக்குமாடி வீடுகளை நாடினர். 1923-இல் ஆஸ்திக சமாஜம் தோன்றியது. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிறந்தது. 1952-இல் ஷண்முகானந்த சபை தொடங்கியது; அதன் பெரிய அரங்கம் 1963-இல் திறக்கப்பட்டு, 1990-இல் தீக்கு இரையாகி, மீண்டும் எழுந்து 1998-இல் கதவு திறந்தது. கோயில், பள்ளி, சங்கீதம் ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால் தமிழனுக்கு ஊர் அமைந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் குடும்பம் பின்னால்தான் வந்தது. முன்னால் வந்தவன் தனியாள். அவனுக்குச் சமைக்கத் தெரியாது. தெரிந்தாலும் அறையில் அடுப்பு மூட்ட இடமில்லை. அந்தத் தனியாளை நம்பியே விடுதிகள் பிறந்தன. ஆண்டுகளை வரிசையாக நோக்கினால் வியப்பாக இருக்கும். 1936-இல் மைசூர் கபே. 1937-இல், ருயா கல்லூரி தொடங்கிய அதே ஆண்டில், கல்லூரியை அடுத்து மணிஸ் லஞ்ச் ஹோம். 1939-இல் ராம் ஆஸ்ரயா. 1940-இல் கபே மெட்ராஸ். 1942-இல் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். ஏழு ஆண்டுகளுக்குள், நடந்து சுற்றிவிடக் கூடிய ஒரு வட்டாரத்தில், இத்தனை அடுப்புகள் மூண்டன. 1932-இலிருந்து கிங்ஸ் சர்க்கிளில் கூலர் என்னும் இரானி கடையும் உண்டு. அங்கே பன்னும் தேநீரும் கிடைக்கும். ஆனால் குழம்புக்கு இரானியிடம் போக முடியுமா?

மாடியிலே ஒரு பந்தி

இவற்றுள் ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஏ. ராம நாயக் என்ற பெயரைச் சொன்னால்தான் பலருக்கு அது விளங்கும்.

மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் காய்கறிச் சந்தை எதிர்ப்படும். முருங்கைக்காய், வாழைப்பூ, சேனைக்கிழங்கு, கறிவேப்பிலை, பூசணிக்கீற்று என்று நம் ஊர்க் கடைத்தெருவே அங்கு வந்து குந்தியிருக்கிறது. வழி கேட்டால் தமிழிலேயே விடை வரும். சற்றுத் தள்ளிப் பூக்கடைகளில் மல்லிகைச் சரங்கள். அச்சந்தைக் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது விடுதி.

கூட்ட நாளில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பணம் செலுத்திச் சீட்டுப் பெற்ற பிறகே பந்தி. தட்டில் அளவுச் சாப்பாடும் உண்டு. இலையில் வேண்டுமட்டும் சாப்பாடும் உண்டு. நாம் சொல்ல வந்தது இலைச் சாப்பாட்டை. நீண்ட மேசையில் இலை விழுகிறது; தண்ணீர் தெளித்துத் துடைக்கிறோம். ஊறுகாய், காய்கறி வகைகள், பருப்பு, அப்பளம் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. சூடான பூரியோ சப்பாத்தியோ முதலில். பிறகு சோறு, சாம்பார், ரசம், தயிர், மோர். பரிமாறுபவர் நடையில் ஓய்வில்லை. இலையில் ஓரிடம் காலியானால் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ‘போதும்’ என்று கை மறிப்பதற்குள் இன்னொரு கரண்டி விழும்.

சமையலறையைப் பார்க்க விரும்பும் வாடிக்கையாளர் உள்ளே சென்று பார்க்கலாம் என்பது இவ்விடுதியின் நெடுநாள் வழக்கம். பெரிய ஊரில், முகமறியாதவன் கையால் உண்கிறவனுக்கு இதைவிட நல்ல உறுதிமொழி ஏது?

தொடங்கிய காலத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1942 என்பது உலகப் போரின் நடு ஆண்டு. பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி வருவது நின்றது. 1943 மே மாதத்தில் பம்பாயில் உணவுப் பங்கீடு அமுலாயிற்று. அரிசி அளந்து கொடுக்கப்பட்ட நாளில் சோற்றையே மூலதனமாகக் கொண்ட விடுதி ஒன்று வேரூன்றியது என்றால், அதற்குப் பின்னே இருந்த உழைப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

யார் கை?

குழந்தைகளுக்கு நாம் சொல்லத் தவறிய செய்தி இங்கேதான் இருக்கிறது.

ராம நாயக் தமிழர் அல்லர். தென் கன்னடத்துக் கார்க்களத்தை அடுத்த அக்கார் என்ற சிற்றூரில் பிறந்து, இளமையிலேயே பம்பாய்க்கு வந்து, உணவு விடுதிகளில் கைவேலை செய்து முன்னேறியவர். முதலில் மைசூர் கபேயையும், பின்னர் போர்டிங்கையும் நிறுவினார். கபே மெட்ராஸ் என்று நம் தலைநகரின் பெயரைத் தாங்கி நிற்கும் கடையை நடத்தி வருவதோ காமத் குடும்பம். ராம் ஆஸ்ரயா கரையோரக் கன்னட நாட்டு ஷெட்டி குடும்பத்துடையது. மணிஸ் லஞ்ச் ஹோம் பாலக்காட்டு ஐயர் ஒருவரின் முயற்சி. ‘நம்ம ஊர் சாப்பாடு’ என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொண்டதைப் பெரும்பாலும் ஆக்கிப் போட்டவை துளுவும் கொங்கணியும் கன்னடமும் பேசும் கைகள்.

நாக்கு இதை அப்போதே கண்டுகொண்டது. சாம்பாரில் வெல்லம் தலைகாட்டும். ‘இது என்ன, பாயசமா?’ என்று தஞ்சாவூர்க்காரர் முகம் சுளிப்பார். நாம் ரசம் என்பதை அவர்கள் சாறு என்பார்கள். ஆயினும் மறுநாளும் அதே தஞ்சாவூர்க்காரர் அதே மாடிப்படி ஏறினார். சில மாதங்களில் வெல்லம் பழகிவிட்டது. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, தாயார் வைத்த சாம்பாரில் ஏதோ குறைகிறதே என்று எண்ணியவர்களும் உண்டு.

பந்தியில் இலை எடுத்த சிறுவனும் பிழைக்க வந்தவனே. பகலெல்லாம் ஹோட்டலில் உழைத்து, இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்ற கன்னடச் சிறுவர்கள் இந்நகரில் எத்தனையோ பேர். உண்டவனும் பரிமாறியவனும் இருவருமே தாயைப் பிரிந்து வந்தவர்கள். ஒருவன் கையில் பேனா இருந்தது. மற்றவன் கையில் வாளி இருந்தது. அவ்வளவே வேற்றுமை.

மற்ற பம்பாய்வாசிகளின் கண்ணுக்கு இந்த வேற்றுமைகள் எவையும் தெரியவில்லை. தமிழர், மலையாளி, கன்னடர், துளுவர், தெலுங்கர் எல்லாரும் அவர்களுக்கு ‘மதராஸி’. அச்சொல் பலமுறை ஏளனமாகவே வந்து விழுந்தது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை தோன்றியது. உத்தியோகங்களைத் தென்னாட்டார் பறித்துக்கொண்டனர் என்ற பிரசாரம் வலுத்தது. பால் தாக்கரேயின் மார்மிக் வார இதழ் அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியலிட்டு அச்சிட்டது. உடுப்பி ஹோட்டல்கள் மீது கல் விழுந்தது. கல்லெறிந்தவன் உள்ளே இருப்பவன் கன்னடனா, தமிழனா என்று விசாரிக்கவில்லை. ஏசல் ஒன்றாக வந்தபோது இலையும் ஒன்றாகவே இருந்தது. ருமேனிய யூதனையும் ருஷ்ய யூதனையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்த அதே நிலைமைதான் நம்மையும் ஒரே பந்தியில் அமர்த்தியது.

பின்னர் நடந்ததைக் காலம் கண்டது. இன்று மராத்தியரும் குஜராத்தியரும் ஞாயிறு காலையில் கபே மெட்ராஸ் வாசலில் வரிசையில் நின்று, ரசவடையும் ராகி தோசையும் கேட்கிறார்கள். ராம் ஆஸ்ரயாவில் இன்றைக்கு எந்தப் பழத்து ‘ஷீரா’ என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைகிறார்கள். நம் கேசரிதான் அங்கே ஷீரா என்று வழங்குகிறது. கல்லுக்கு விடையாகக் கரண்டி நின்றது, கரண்டியே வென்றது.

சாலைக்கு அப்பால்

இத்துடன் நிறுத்தினால் கதை பாதியே ஆகும். மாட்டுங்காவிலிருந்து நடக்கக் கூடிய தொலைவிலேயே தாராவி இருக்கிறது. அதில் ஒரு பகுதிக்கு மாட்டுங்கா லேபர் கேம்ப் என்றே பெயர். தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டே அங்கே குடியேறினர். அவர்களும் மதராஸிகளே, அவர்களும் சோற்றுக்கே வந்தவர்கள். ஆனால் மாடிப் பந்தியின் கதையைச் சொல்லும்போது அவர்களை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

மறதிக்குக் காரணம் உண்டு. அந்நாளில் தென்னாட்டு உணவு விடுதிகள் பலவற்றில் சாதி பார்த்தே பந்தி போட்டார்கள். சென்னையில் ஒரு ஹோட்டலின் ‘பிராமணாள்’ என்ற பலகையை எதிர்த்து 1957-இல் பெரியார் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. உணவு விடுதிக்குள் எவரையும் சாதி, மதம் காட்டித் தடுக்கலாகாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு சொல்லிற்று. சட்டம் கதவைத் திறந்தது. மனமும் கைப்பணமும் திறக்க மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

இதற்கிடையில் தாராவித் தமிழர் தமக்கென ஒரு வழி கண்டுகொண்டனர். பொழுது விடியுமுன்பே அங்குள்ள சந்துகளில் இட்லிக் கொப்பரைகளிலிருந்து ஆவி எழும். துணி விரித்த தட்டுகளில் நூற்றுக்கணக்கில் இட்லி வெந்து இறங்கும். பக்கத்தில் உளுந்துவடை பொரியும். வெளிச்சம் வருவதற்குள் பெரிய பாத்திரம் சைக்கிளின் பின்னே ஏறிவிடும். சட்னிக்கு ஒரு வாளி, சாம்பாருக்கு ஒரு தூக்கு. ரப்பர் ஊதலை அமுக்கிக்கொண்டே மாநகரின் மூலை முடுக்கெல்லாம் சைக்கிள் போகும். காவல்காரர், டாக்சி ஓட்டுநர், மார்வாடி வியாபாரி, கல்லூரி மாணவன் எல்லாரும் அந்த ஊதலுக்குக் காத்திருப்பர். மேசையில்லை, நாற்காலியில்லை; நின்றபடி உண்டு கை துடைத்துப் போகிறார்கள்.

மாட்டுங்காவுக்கு ஆள் தேடி வந்து உண்டான். தாராவி ஆளைத் தேடிப் போய் ஊட்டிற்று. மாநகருக்கு இட்லியைப் பழக்கிய பெருமையில் சைக்கிளுக்கும் பாதிப் பங்கு உண்டு. இப்போது தாராவியைப் புதுப்பிக்கும் திட்டம் நடைபெறுகிறது. புது மாடி வீட்டில் கொப்பரையும் ஆட்டுக்கல்லும் வைக்க இடம் கிடைக்குமா என்பது அங்குள்ள குடும்பங்களுக்கு உயிர்க் கேள்வி. சந்தில் அடுப்பு இல்லையானால் சைக்கிளில் இட்லி இல்லை.

தனியாள் போன பிறகு

மாட்டுங்காவின் விடுதிகளுக்கும் கேள்வி இல்லாமல் இல்லை. தனியாளுக்காகப் பிறந்தவை அவை. அந்தத் தனியாள் குடும்பஸ்தன் ஆனான். மாட்டுங்காவில் வாடகை ஏறிற்று. குடும்பம் செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் பிறகு நவி மும்பைக்கும் நகர்ந்தது. செம்பூர்ச் சேடா நகர்க் குன்றின் மேல் முருகன் கோயில் எழுந்ததும், அங்கேயே சங்கீத சபை வளர்ந்ததும் நாம் அறிந்தவை. பேரப்பிள்ளைகளோ கைப்பேசியில் உணவு வரவழைக்கிறார்கள். அறையில் தனியாக இருப்பவனுக்கும் இன்று மாடி ஏற வேண்டிய அவசியம் இல்லை.

நியூயார்க்கில் நடந்ததும் இதுவே. யூதக் குடும்பங்கள் வளம் பெற்றுப் புறநகர்களுக்குப் பெயர்ந்தன. டெலிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. 1937-இல், நம் மணிஸ் தொடங்கிய அதே ஆண்டில், தோன்றிய கார்னகி டெலி 2016 டிசம்பர் 31-ஆம் நாள் தன் கதவை மூடியது. கடைசி நாட்களில் அதன் வாசலில் நீண்ட வரிசை நின்றது. அந்த வரிசை முன்பே தவறாமல் நின்றிருந்தால் நன்றாயிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. காட்ஸ் கடை நிலைத்திருக்கிறது; அங்கே இன்று உலகத்தார் எல்லாரும் உண்கிறார்கள்.

மாட்டுங்கா விடுதிகள் நிலைத்ததன் இரகசியத்தை அறிய நெடுந்தூரம் போக வேண்டாம். அவை பெரிதாக வளர ஆசைப்படவில்லை. பதார்த்தப் பட்டியலை நீட்டவில்லை. விலையை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும்படி வைத்தன. பாட்டன் செய்ததைப் பேரன் அதே கையளவில் செய்கிறான். இலையை மாற்றவில்லை, தட்டு வேண்டுவோருக்குத் தட்டும் வைத்தார்கள்.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விடுமுறை நாளொன்றில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போங்கள். சந்தையில் வாழைப்பூ வாங்குங்கள். மாடி ஏறி இலையில் அமருங்கள். குழந்தைகள் சாம்பாரின் இனிப்பைக் கண்டு வினவுவார்கள். ‘நம் தாத்தா பசித்து வந்தபோது, கார்க்களத்திலிருந்து வந்த ஒருவர் ஆக்கிப் போட்ட சாம்பார் இது, அவர் ஊர் வழக்கப்படி வெல்லம் சேர்த்திருக்கிறார்’ என்று விடை சொல்லுங்கள். திரும்பும் வழியில் ரப்பர் ஊதல் கேட்டால், சைக்கிளை நிறுத்தி, அவர் எந்த ஊர்க்காரர் என்று தமிழில் விசாரியுங்கள். பெரும்பாலும் தமிழிலேயே விடை வரும்.